திருவிருந்தில் நாம் பெறும் பலம்

(வெள்ளி விழாவை ஒட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிறிஸ்தவ விசுவாசத்தினாலும் ஐக்கியத்தினாலும் மனிதன் ஆவிக்குரிய பலம் பெறுவது எங்ஙனம் என்பது விழாக் குழுவினர் எனக்குத் தந்த பொருள். இச்சங்கத்தில் கிறிஸ்தவர்கள் உளர். அம்மனையும் முருகனையும் வழிபடுவோர் உளர். 1956ஆம் ஆண்டு நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் காட்டிய வழியில் பௌத்தம் தழுவியோரும் உளர். ஆகவே, ஒரு சமயத்திற்கு ஆள் சேர்க்கும் பேச்சாக இதனை அமைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. நம் மக்களுள் ஒரு பெரும் பகுதியினர் பல தலைமுறைகளாக எந்தச் செயலில் தங்கள் மானத்தையும் உயிர்ப்பையும் கண்டனரோ, அச்செயலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதுதான் திருவிருந்து. கத்தோலிக்கர் அதனை நற்கருணை என்பர். சீர்திருத்தச் சபையாருள் பழையோர் இராப்போஜனம் என்பர். பெயர் எதுவாயினும், ஓர் அப்பத்தைப் பிட்டுப் பலர் உண்பதும், ஒரு பாத்திரத்தில் பலர் பருகுவதுமே அதன் உடல். மற்றவையெல்லாம் அதன்மேல் போர்த்திய ஆடைகள்.

ஆவிக்குரிய பலம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில், இச்சொல்லைக் கொண்டு நம்மை ஏமாற்றியவர்கள் உண்டு. அடித்தால் பொறுத்துக்கொள்வது, கூலி குறைந்தால் வாய் திறவாதிருப்பது, இம்மையில் இல்லாதது மறுமையில் கிடைக்கும் என்று ஆறுதல் கொள்வது, இவற்றையே ஆவிக்குரிய பலம் என்று போதித்தவர்கள் இருந்தனர். அத்தகைய பக்தியைப் பண்ணையார்கள் ஒருநாளும் வெறுத்ததில்லை. நான் அதனைப் பலம் என்று ஒப்புக்கொள்ளேன். ஒருவனைப் பிறர் எவ்வளவு இழித்துரைத்தாலும், அந்த இழிவை அவன் தன் உள்ளத்திற்குள் ஏற்றுக்கொள்ளாமல் நிமிர்ந்து நிற்க வைக்கும் ஆற்றல் எதுவோ அதுவே ஆவிக்குரிய பலம். அது தனியாக ஒருவனுக்குள் ஊறி வருவது அரிது. மற்றவர்களோடு சேர்ந்து அமரும் இடத்திலேதான் அது பிறக்கிறது.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்களைக் கேளுங்கள். வயல் வேலையின் நடுவே தாகம் எடுத்துத் தண்ணீர் கேட்டால், பாத்திரத்தை நம் கையில் தரமாட்டார்கள். நாம் குனிந்து இரு கைகளையும் சேர்த்து ஏந்தவேண்டும், உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். பாதி தண்ணீர் முழங்கை வழியே மண்ணில் ஒழுகும். செம்பு நம் விரலில் பட்டுவிடக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். தேநீர்க் கடை வந்தபோது அதே வழக்கம் இரட்டைக் குவளையாக உருமாறிற்று. உள்ளே ஒரு குவளை, வெளியே கூரையின் ஓரத்தில் செருகிய ஒரு குவளை அல்லது சிரட்டை. குடித்தவனே கழுவி வைத்துவிட்டுப் போகவேண்டும்.

இப்பொழுது திருவிருந்தின் காட்சியை எண்ணிப் பாருங்கள். அங்கேயும் நம் முன்னோர் இரு கைகளையும் சேர்த்தே ஏந்தினர். ஆனால் அங்கே அப்பம் உயரத்திலிருந்து எறியப்படவில்லை, உள்ளங்கையில் வைக்கப்பட்டது. பின்னர் பாத்திரமே அவர்களைத் தேடி வந்து உதட்டைத் தொட்டது. முன்னவர் உதடு பட்ட அதே விளிம்பில் இவர் உதடும், இவருக்குப் பின் வருபவர் உதடும் பட்டன. ஆறு நாள் எந்தப் பாத்திரத்தையும் தொடத் தகாதவன் என்று நடத்தப்பட்ட ஒருவனுக்கு ஏழாம் நாளில் இது என்ன சொல்லியிருக்கும்! அதற்கு விளக்கவுரை எழுதப் பண்டிதர் வேண்டுவதில்லை. ஐயர் அன்று செய்த பிரசங்கம் அவனுக்குப் புரிந்திருக்கலாம், புரியாதும் இருந்திருக்கலாம். பாத்திரம் பேசியது புரிந்தது.

இடையே ஒன்று. கத்தோலிக்கத் திருச்சபையில் மக்களுக்கு அப்பம் மட்டும் வழங்குவதே பெரும்பாலும் வழக்கம். அங்கே கேள்வி பாத்திரத்தைப் பற்றியதன்று, வரிசையைப் பற்றியது. எல்லாரும் ஒரே வரிசையில் செல்கின்றனரா, ஒரு சாரார் முன்னும் ஒரு சாரார் பின்னுமா என்பதே அங்கே சோதனை. சீர்திருத்தச் சபைகள் சிலவற்றில் ஒரே பாத்திரத்திற்குப் பதிலாகச் சிறு சிறு கிண்ணங்கள் வந்துள்ளன. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் இவை மேலும் பரவின. நோய் பரவாதிருக்கச் செய்யும் ஏற்பாட்டை நான் குறை கூறவில்லை. எனினும், சுகாதாரம் என்ற சொல்லின் நிழலில் பழைய அருவருப்பு ஒதுங்கிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை.

இந்த விருந்து தோன்றிய நாளிலேயே இதன் இயல்பு வெளிப்பட்டது. இயேசு பெருமான் தம் சீடரோடு கடைசி முறையாக அமர்ந்த இரவில், அடிமையின் வேலையாகிய கால் கழுவுதலைத் தாமே செய்தார் என்று யோவான் எழுதுகிறார். தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்தவனையும் அவர் பந்தியிலிருந்து விலக்கவில்லை. அவர்மீது பகைவர் சாட்டிய குற்றங்களுள் முக்கியமானது, விலக்கப்பட்டவர்களோடு அவர் உண்கிறார் என்பதே. அவர் யாரோடு செபித்தார் என்று அவர்கள் கேட்கவில்லை. யாரோடு உண்டார் என்றே கேட்டனர். பந்தியின் அரசியலை நம் நாட்டார் மட்டும்தான் அறிவர் என்று எண்ணவேண்டாம்.

அவருக்குப் பின் வந்த சீடர்களும் இதில் தடுமாறினர். அந்தியோகியா நகரில் நிகழ்ந்ததைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் மறைக்காமல் கூறுகிறார். பேதுரு அங்கே யூதரல்லாதாரோடு ஒன்றாக உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி மெல்ல அப்பந்தியை விட்டு விலகினார். அவரைக் கண்டு மற்றவர்களும் விலகினர். தலைமைச் சீடர் என்றும் பாராமல் பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். இளைஞர்களே, இந்தப் பகுதியை வேதாகமத்தில் எடுத்துப் படியுங்கள். நம் ஊர்களில் ஊரார் வரும்வரை நம்மோடு உண்டு, அவர்கள் தலை தெரிந்ததும் எழுந்து போகும் நல்ல மனிதர்களை நாம் அறிவோம். பவுலின் கோபம் நமக்கு அந்நியமானதன்று.

கொரிந்து நகரச் சபையில் வேறொரு குற்றம். செல்வர் முன்னதாக வந்து உண்டு குடித்து மயங்கிக் கிடப்பர். ஏழைகள் வந்து சேரும்போது ஒன்றும் மிஞ்சாது. பிந்தி வந்தவர்கள் வேலை முடியாமல் புறப்பட முடியாத அடிமைகளும் உழைப்பாளிகளும் என்று அறிஞர் பலர் கருதுவர். இல்லாதவர்களை வெட்கப்படுத்தும் விருந்து ஆண்டவருடைய விருந்தே அன்று என்பது பவுல் அளித்த தீர்ப்பின் சாரம். ஆக, பந்தியில் வேற்றுமை என்பது வழிபாட்டில் ஏற்பட்ட ஒரு சிறு பிழையன்று. அது வழிபாட்டையே இல்லாமற் செய்துவிடுகிறது. இது நான் கூறும் புதுமையன்று. முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்த விதி.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். 1714, 1715ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாயிற்று. நம் மக்களுக்கு அந்த அச்சுப் புத்தகம் எவ்வளவு பெரிய வாயிலைத் திறந்தது என்பதற்கு இராஜநாயக்கன் என்ற ஒருவருடைய வாழ்க்கையே சான்று. அவரைப் பற்றி நம் இளைஞர்கள் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். ஆனால் நம் பாடப் புத்தகங்களில் அவர் பெயர் இல்லை.

இராஜநாயக்கன் 1700ஆம் ஆண்டில் பிறந்தவர், பறையர் குலத்தவர், தஞ்சை மன்னரின் படையில் சேர்வைகாரராக இருந்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் வந்த அவருக்குத் தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷ நூல் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்தார், அதன் வழியே தரங்கம்பாடி வந்தார், பின்னர் படைத்தொழிலை விட்டு உபதேசியார் ஆனார். ஐரோப்பியக் குருமார் தஞ்சை நாட்டிற்குள் விருப்பம்போல் நுழைய இயலாத காலம் அது. அவர்களால் இயலாத இடங்களில் இவர் சென்று உழைத்தார்; சபைகளை வளர்த்தார்; எதிர்ப்பும் இழப்பும் கண்டார்.

1733இல் தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்க் குருவாக ஆரோன் அபிஷேகம் பெற்றார். அவர் வேளாளர். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது இராஜநாயக்கனின் தகுதியை மிஷனெரிமார் அறியாதவர்களல்லர். அவருடைய ஊக்கத்தையும் உண்மையையும் தாங்களே புகழ்ந்து எழுதியிருந்தனர். எனினும் தயங்கினர். தயக்கத்திற்குக் காரணம் என்ன தெரியுமா? கல்வியன்று, ஒழுக்கமன்று. அவர் கையால் திருவிருந்து வழங்கினால், உயர்குலக் கிறிஸ்தவர்கள் அத்திருவிருந்தையே மதிக்காமற் போய்விடுவரே என்ற அச்சம். 1741இல் தியோகு என்பவர் குருவானார். இராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்தார்.

எண்ணிப் பாருங்கள். அவர் போதிக்கலாம், செபிக்கலாம், அடி வாங்கலாம். அப்பத்தை மட்டும் பிட்டுத் தரலாகாது. தீண்டாமை எவ்வளவு நுட்பமாகத் தன் எல்லையைக் கோடு போட்டு நிறுத்துகிறது! சொல்லைப் பெற்றுக்கொள்ளும் செவி தீட்டுப்படுவதில்லை. உணவைப் பெற்றுக்கொள்ளும் கைதான் தீட்டுப்படுகிறது. அந்தியோகியாவில் பேதுரு அஞ்சிய அதே அச்சத்திற்குத் தரங்கம்பாடிக் குருமாரும் இரையாயினர். கண்டிக்க ஒரு பவுல்தான் அங்கே இல்லை.

1741க்குப் பின்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், 1771இல் தாம் இறக்கும்வரை, இராஜநாயக்கன் தம் பணியில் நின்றார். இதனைக் கூறிவிட்டு, "எவ்வளவு பொறுமை பாருங்கள்" என்று நம்மைப் பார்த்துத் தலையசைக்கும் பிரசங்கிகளோடு நான் உடன்படவில்லை. அவர் பொறுமையை மெச்சுவது, அவருக்கு அநீதி செய்தவர்களுக்கு வசதியான பேச்சு. நான் காண்பது வேறு. திருவிருந்து எவருடைய சொத்து என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை. தருபவர்கள் தயங்கினாலும் தந்தவர் தயங்கவில்லை என்ற தெளிவு இல்லாதவன், முப்பது ஆண்டு அதே மக்களிடையே நடமாடியிருக்க இயலாது. விசுவாசம் என்பது இத்தெளிவுதான்.

தெற்கே இதே நூற்றாண்டின் முடிவில் வேறொரு கதை தொடங்கிற்று. இன்றைய குமரி மாவட்டத்தில், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மயிலாடி என்னும் ஊரில் மகாராசன் என்பவர் வாழ்ந்தார், சாம்பவர் குலத்தவர். மெய்ப்பொருளைத் தேடிச் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். தேடியது அங்கே கிடைக்காமல், தஞ்சையிலிருந்த உறவினரிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே கோல்ஹாப் ஐயரின் சபையில் நற்செய்தியைக் கேட்டு வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். மிஷனெரி எவரும் வருமுன்னரே தம் வீட்டாரையும் சுற்றத்தாரையும் ஒரு சபையாகத் திரட்டியவர் அவரே. 1806இல் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் வந்தது, இவர் மூட்டி வைத்த அடுப்பில் குளிர்காய என்றுகூடச் சொல்லலாம். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழும்பிற்று, பள்ளியும் தோன்றிற்று. அப்பள்ளியே பின்னர் நாகர்கோவிலுக்கு மாறி, இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வேராயிற்று. 1816இல் ரிங்கல்தௌபே விடைபெற்றபோது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்துச் சென்றார்.

1741இல் தரங்கம்பாடியில் எது இயலாது என்று கருதப்பட்டதோ, அதன் வாயில் 1816இல் மயிலாடியில் திறந்தது. இடையே எழுபத்தைந்து ஆண்டுகள். சாதி தானாகத் தளர்ந்ததால் இது நிகழவில்லை. சபையைத் திரட்டியவர்களே அதனை நடத்தவும் முன்வந்ததால் நிகழ்ந்தது. மயிலாடியில் நம் மக்கள் பிறர் பந்தியில் இடம் கேட்டு நிற்கவில்லை. தாங்களே பாய் விரித்தனர்.

சோழ நாட்டிலும் சென்னையிலும் நிலைமை அவ்வளவு எளிதாக இல்லை. ஆலயத்தில் ஒரு சாரார் பாயிலும் ஒரு சாரார் வெறுந்தரையிலும் அமர்ந்தனர்; திருவிருந்தில் முந்துவோர் பிந்துவோர் என்ற முறை நிலைத்தது. 1833ஆம் ஆண்டு கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும், திருவிருந்துக்கு எல்லாரும் வேற்றுமையின்றி வரவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். அதனைப் படித்த நாளில் வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் எழுந்த கொந்தளிப்பு சிறிதன்று. பலர் சபையை விட்டே வெளியேறினர். நாம் இன்றும் விரும்பிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே, எல்லாரும் ஒன்றாகத் திருவிருந்து கொள்ளவேண்டும் என்று வற்புறுத்துவதை எதிர்த்து எழுதியவர். அவர் புலமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கிறிஸ்துவைப் பாடிய நாவும் கிறிஸ்துவின் பந்தியில் தடுமாறிற்று என்பது வரலாறு.

பின்னர் அன்பின் விருந்து என்று ஒன்றை மிஷனெரிமார் ஏற்படுத்தினர். 1847இல் அமெரிக்க மதுரை மிஷனும், 1850இல் சென்னை மிஷனெரி மாநாடும், சாதியை விட்டவன் என்பதற்கு அடையாளமாகத் தாழ்ந்த குலத்தார் சமைத்ததை மற்றவர் உண்டு காட்டவேண்டும் என்று முடிவு செய்தன. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த லுத்தரன் குருமார் இதற்கு உடன்படவில்லை. இதில் என் கருத்தைக் கூறிவிடுகிறேன். சாதியை எதிர்த்து நின்ற அவர்கள் துணிவை மதிக்கிறேன். ஆயினும், நம் தாய்மார் சமைத்த சோறு அங்கே விருந்தாக இருக்கவில்லை. பரீட்சைத் தாளாக இருந்தது. ஒருவன் முகத்தைச் சுளிக்காமல் விழுங்குகிறானா என்று பார்ப்பதற்காக நம் சட்டி பயன்பட்டது. சமைத்தவளுக்கு அதில் என்ன மகிழ்ச்சி இருந்திருக்கும்? அன்பின் விருந்தில் அவளும் அமர்ந்து உண்ண வேண்டுமல்லவா?

திருவிருந்தினால் நம் மக்களுக்கு வந்த இன்னொரு நன்மையை இக்கல்விச் சங்கத்தின் மேடையில் சொல்லாமலிருக்க முடியாது. ஒருவர் திருவிருந்தில் பங்கு பெறுமுன் திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகவேண்டும். கர்த்தருடைய செபம், பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், ஞானோபதேச வினாவிடை இவற்றைக் கற்கவேண்டும். எழுத்தறியாதவர் கேட்டே மனப்பாடம் செய்தனர். பகலெல்லாம் சேற்றில் நின்றவர்கள் இரவில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து உபதேசியார் சொல்லச் சொல்லத் திரும்பச் சொன்னார்கள். அருகில் அமர்ந்திருந்த பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து எழுத்தைப் பிடித்துக்கொண்டனர். நம் சேரிகளில் முதல் தலைமுறைப் படிப்பாளிகள் பலர் இவ்வாறு பந்திக்குப் போகும் வழியில் எழுத்தைச் சந்தித்தவர்கள். ஊரில் "அடே, இவனே" என்று அழைக்கப்பட்டவர்களுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறிற்று. தகப்பன் பெயரோடும் தாய் பெயரோடும் ஏறிற்று. பெயர் என்பது சிறு காரியமன்று.

இனி நம்மை நாமே பார்த்துக்கொள்ளும் ஓர் இடம் வருகிறது. 1912இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆங்கிலிக்கச் சபையின் முதல் இந்தியப் பேராயராகி, தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லில் பணியேற்றார். அங்கே பெருந்திரளாகச் சபையில் சேர்ந்தவர்கள் மாலா, மாதிகா என்னும் இரு ஒடுக்கப்பட்ட வகுப்பார். இவ்விரு வகுப்பாரும் ஒருவரோடொருவர் உண்ணாதவர்கள். ஒரே கிணற்றில் நீர் எடுக்காதவர்கள். இருவரையும் மேல்சாதியார் ஒன்றாகவே தள்ளி வைத்திருந்தும், தள்ளப்பட்டவர்களுக்குள்ளும் ஒரு படிக்கட்டு. இவர்களை ஒரே பந்தியில் அமர்த்துவது அசரியாவின் பெரும்பாடுகளுள் ஒன்றாயிற்று. இது தெலுங்கு நாட்டுக் கதை என்று நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். ஆதிதிராவிடர், தேவேந்திரர், அருந்ததியர் என்ற நம் பெயர்களுக்கிடையே எத்தனை திருமணங்கள் நடக்கின்றன? எத்தனை வீடுகளில் அருந்ததியப் பிள்ளை அடுப்படி வரை வருகிறது? உயரத்திலிருந்து கையில் ஊற்றிய தண்ணீரின் அவமானத்தை அறிந்த நாமே, வேறொருவர் கையில் அவ்வாறு ஊற்றுவோமாயின், ஞாயிறுதோறும் பாத்திரத்தில் வாய் வைப்பதில் பொருளில்லை.

சபைகளின் இன்றைய நிலைக்கும் ஒரு வார்த்தை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைக் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பல மிஷன்களின் பந்திகள் ஒன்றாயின. அது பெரிய காரியம். ஆனால் மிஷன்கள் ஒன்றான அளவிற்குச் சாதிகள் ஒன்றாகவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சுவர், தேர் வரும் தெருவில் எல்லை, பங்குப் பேரவையில் இடமின்மை என்று பழையது வெவ்வேறு உருவில் நிற்கிறது. 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டதையொட்டி எழுந்த மோதல், துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போவதில் முடிந்தது. ஒரே ஆலயத்தில் ஒரே அப்பத்தைப் பெற்றவர்கள்தாம் இரு புறமும் நின்றனர். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலானார். தலித் சமுதாயத்திலிருந்து அந்நிலைக்கு உயர்ந்த முதல்வர் அவரே. இராஜநாயக்கனை எண்ணிக்கொண்டு அச்செய்தியைப் படித்தவர்களுக்கு அதன் எடை தெரிந்திருக்கும்.

இளைஞர்கள் என்னிடம் தனியே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவராகிய தலித் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அவ்வாணை திருத்தப்பட்டது; கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் திருத்தப்படவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இத்தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் மத்திய அரசு மீண்டும் ஓர் ஆணையத்தை அமைத்தது. தமிழ்நாட்டில் இவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்துள்ளனர். ஆகவே ஒரே தெருவில், ஒரே இழிவை அனுபவிக்கும் இரு வீட்டுப் பிள்ளைகளுக்கு இரு வேறு சான்றிதழ்கள். "ஐயா, திருமுழுக்கு வாங்கினால் உதவித்தொகை போகிறது, ஆலயத்திற்குள் போனாலும் சாதி போகவில்லை. பின்னே எதற்கு?" என்று கேட்கின்றனர்.

இக்கேள்விக்கு மழுப்பலான விடை கூறுவது பாவம். அயோத்திதாசப் பண்டிதர் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தம் "தமிழன்" இதழில் சாதிக் கிறிஸ்தவர்களை நோக்கிக் கடுமையாகக் கேட்டார். அம்பேத்கரும் தென்னாட்டுத் திருச்சபையின் சாதியை அறிந்தே எழுதினார். அவர்கள் வினா நியாயமானது. சலுகை வேண்டிப் போராடுவதும் நியாயம். அது பிச்சையன்று, உரிமை. சமயத்தைக் காரணம் காட்டி அதனை மறுப்பது நீதியன்று என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் "பின்னே எதற்கு" என்பதற்கு விடை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் காணவேண்டியது. என் விடையைச் சொல்கிறேன். சபையார் நல்லவர்கள் என்பதற்காக நான் அப்பந்திக்குப் போகவில்லை. அப்பந்தி என்னுடையது, ஆகவே போகிறேன். அதனை விட்டு நான் விலகினால், வேப்பேரியில் 1833இல் கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் இன்று வென்றவர்களாவர்.

தனியாகச் செபித்தால் போதாதா என்றும் சிலர் கேட்கின்றனர். செபம் தேவை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதும் சில நாள் தேவை. ஆனால் கெத்செமனே தோட்டத்தில் மரணத்தை எதிர்நோக்கிய இயேசு பெருமானே மூன்று நண்பரைக் கூட அழைத்துச் சென்று, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் உறங்கிப் போனார்கள் என்பது வேறு. துணை வேண்டுமென்று கேட்க அவர் வெட்கப்படவில்லை. நாம் ஏன் வெட்கப்படவேண்டும்? குடும்பத்தில் சாவு விழுந்தபோது, வழக்கில் சிக்கியபோது, தேர்வில் தோற்றுத் தலை கவிழ்ந்தபோது, நம் சேரியில் அடுத்த வீட்டுக்காரி கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாளே, அதுவும் ஐக்கியந்தான். ஆலயத்துப் பந்தி அதற்குப் பெயரும் வடிவும் தருகிறது.

இதனை நன்கு உணர்ந்தவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005இல் மறைந்த ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்ற பெயராலேயே மக்கள் அவரை அறிவர். நம் மக்களின் பறையையும் நாட்டுப்புற இசையையும் அவர் வழிபாட்டுக்குள் கொண்டு வந்தார். "ஒரு உலை" என்பது அவர் வலியுறுத்திய கருத்து. வீட்டுக்கு வீடு கொண்டுவந்த அரிசியை ஒரே பானையில் பொங்கி எல்லாரும் உண்பதே அது. திருவிருந்தின் பொருளைக் கிரேக்கச் சொற்களில் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் சேரியின் அடுப்பைக் காட்டினார். அரிசி ஒன்றாய்க் கொதித்துவிட்டால், எவர் வீட்டு அரிசி எது என்று யாரால் பிரிக்க முடியும்?

நம் சங்கம் வெள்ளி விழாக் காண்கிறது. இளைஞர்களுக்கு நான் ஒரு வேலை தந்து முடித்துக்கொள்கிறேன். உங்கள் வீடுகளில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டனார், பாட்டிமார் இருப்பர். அவர்களிடம் போய் அமருங்கள். முதன்முதல் திருவிருந்து பெற்ற நாளில் என்ன உடுத்தினர், எங்கே நின்றனர், யார் முன்னே யார் பின்னே, பாத்திரம் ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். கிறிஸ்தவரல்லாத வீட்டுப் பிள்ளைகளும், முதன்முதல் எந்தக் கிணற்றில், எந்தக் கடையில், எவரோடு சமமாகக் குடித்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். பேர் ஊர் ஆண்டு தவறாமல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சங்க நூலகத்தில் ஒப்படையுங்கள். கூட்டம் முடிந்ததும் பின்புறக் கொட்டகையில் உணவு ஆயத்தமாக இருப்பதாகச் செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். தாய்மார்கள் காலையிலிருந்து சமைத்திருக்கிறார்கள். அவர்களையும் முதல் பந்தியிலேயே அமர்த்திவிட்டு, பரிமாறும் வேலையை இளைஞர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.